எடிட்டிங் மென்பொருளை விட்டு மீட்டிங் ரெக்கார்டிங்குக்கு மாறுகிறவர்களுக்கு

வீடியோ எடிட்டிங் கொஞ்சம் தெரிந்தவர் தலையில்தான் பெரும்பாலும் இந்த வேலை வந்து விழும். "உனக்குத்தான் வீடியோ எல்லாம் அத்துப்படியாச்சே, நாளைக்கு மீட்டிங்கை ரெக்கார்ட் பண்ணிடுப்பா" என்பார்கள். கையிலிருக்கும் எடிட்டிங் மென்பொருளிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டர் இருப்பதால் அவரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பத்து நிமிட டுடோரியலுக்கு அது போதும். ஒன்றரை மணி நேர சங்கக் கூட்டத்துக்கோ வாராந்திர ஆன்லைன் வகுப்புக்கோ போதாது.

விண்டோஸ் 11-உடன் வரும் கிளிப்சாம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்ட, தலைப்பு போட நல்ல மென்பொருள். ஆனால் அதன் ஸ்கிரீன் ரெக்கார்டர் ஒரு தடவைக்கு 30 நிமிடம்தான் பதியும். நம் கூட்டங்களில் வரவேற்பும் "எல்லாருக்கும் கேக்குதா"வும் முடிந்து விஷயத்துக்கு வருவதற்கே அவ்வளவு நேரம் ஆகிவிடும். இந்த வரம்பு இல்லாத எடிட்டிங் மென்பொருளிலும் வேறு தொல்லை உண்டு. பதிந்ததை டைம்லைனில் போட்டு எக்ஸ்போர்ட் கொடுத்தால்தான் பிறருக்கு அனுப்பக்கூடிய ஃபைல் கிடைக்கும். சாதாரண லேப்டாப்பில் நீளமான கூட்டத்தை எக்ஸ்போர்ட் செய்யக் கொடுத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டுவரலாம்.

கருவியை மாற்றுவதோடு பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. எடிட்டிங்கில் பழகிய கை, "தப்பானா அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றுதான் நினைக்கும். மீட்டிங் பதிவு, தாலி கட்டும் நேரத்தைப் படம்பிடிப்பது போன்றது, ரீடேக் கிடையாது. கவனமெல்லாம் பட்டனை அழுத்துவதற்கு முன்பே செலவாக வேண்டும். இன்னொன்று, இங்கே படத்தைவிடக் குரல்தான் முக்கியம். படம் மங்கலாக இருந்தாலும் கூட்டத்தில் என்ன முடிவானது என்று தெரிந்துகொள்ளலாம். குரல் இல்லாவிட்டால் அந்த ஃபைலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஒரு கேள்வி: கூட்டத்தை நடத்துவது நீங்களா, பிறரா?

நீங்களே ஹோஸ்ட், கூட்டம் ஜூமில் நடக்கிறது என்றால் ஜூமின் சொந்த ரெக்கார்டிங்கே போதும். வேறு எதையும் தேட வேண்டாம். இலவசக் கணக்கிலும் உங்கள் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளலாம். கிளவுடில் சேமிப்பதற்குத்தான் காசு. கவனிக்க வேண்டியது, இலவசக் கணக்கில் கூட்டமே 40 நிமிடத்தில் முடிந்துவிடும். மறுபடி சேர்ந்தால் பதிவும் புதிய ஃபைலாகத்தான் தொடங்கும்.

கூகுள் மீட்டில் கதை வேறு. சாதாரண ஜிமெயில் கணக்கில் ரெக்கார்ட் பட்டனே இருக்காது. கட்டணத் திட்டங்கள் சிலவற்றில்தான் உண்டு. அலுவலகத்திலோ கல்லூரியிலோ கொடுத்த கணக்கில் அந்த வசதி இருந்தால், பதிவு கூட்டத்தை ஏற்பாடு செய்தவரின் கூகுள் டிரைவில் "மீட் ரெக்கார்டிங்ஸ்" என்ற ஃபோல்டருக்குத் தானாகப் போய்விடும். பட்டனை அழுத்தியவர் தன் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மைக்ரோசாஃப்ட் டீம்ஸிலும் இப்படித்தான். மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பிடங்களான ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ சேரும். அங்கே கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. நிர்வாகி மாற்றாமல் விட்டிருந்தால் 120 நாளில் அந்தப் பதிவு காலாவதியாகிவிடும். வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தை நடத்துவது பிறர், அல்லது கையிலிருக்கும் கணக்கில் ரெக்கார்ட் வசதி இல்லை என்றால் ஓபிஎஸ் ஸ்டூடியோ. முற்றிலும் இலவசம், திறமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நேர வரம்பு இல்லை, வாட்டர்மார்க் இல்லை. கூட்டம் எந்தச் செயலியில் நடந்தாலும் பதியும். திரையில் ஏகப்பட்ட பெட்டிகளைப் பார்த்ததும் மிரண்டுவிடாதீர்கள். டைம்லைன் பார்த்துப் பழகியவருக்கு இது பெரிய மலை இல்லை.

ஜூமில் பதிவது

முதல் தடவை மட்டும் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஜூமைத் திறந்து செட்டிங்ஸுக்குள் "ரெக்கார்டிங்" பகுதிக்குப் போங்கள். பதிவுகள் எங்கே சேர வேண்டும் என்று அங்கே காட்டலாம். மாற்றாவிட்டால் டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும் ஜூம் ஃபோல்டரில் சேரும். சி டிரைவ் நிரம்பி வழிகிறது என்றால் வேறு டிரைவைக் காட்டுங்கள்.

அதே பக்கத்தில், பங்கேற்பவர் ஒவ்வொருவர் குரலையும் தனி ஆடியோ ஃபைலாகப் பதியச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது. எடிட்டிங் தெரிந்தவர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வீட்டில் மிக்ஸி ஓடினால், அவருடைய டிராக்கை மட்டும் அமுக்கிவிட முடியும். பதிவு ஃபோல்டருக்குள்ளேயே "ஆடியோ ரெக்கார்ட்" என்று ஒரு உள் ஃபோல்டரில் இவை இருக்கும்.

அதற்குப் பக்கத்திலேயே, "ஆப்டிமைஸ் ஃபார் தேர்ட் பார்ட்டி வீடியோ எடிட்டர்" என்று ஒன்று. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. மீட்டிங் பதிவுகளில் ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, ஒரே சீராக இருக்காது. திரையில் அசைவில்லாதபோது குறையும், அசைவு வந்தால் கூடும். பிளேயரில் பார்க்கும்போது தெரியாது. எடிட்டிங் மென்பொருளில் போட்டால் முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காக இருக்கும், போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். பின்னால் எடிட் செய்யப் போவது உறுதி என்றால் இந்த டிக்கைப் போடுங்கள்; ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். ஏற்கெனவே பதிந்துவிட்டீர்கள் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கொடுத்து, "கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்" தேர்ந்தெடுத்து மாற்றியபின் எடிட்டிங்குக்குக் கொண்டுபோங்கள்.

கூட்டம் தொடங்கியதும் கீழ்ப்பட்டையில் "ரெக்கார்ட்". விண்டோஸில் ஆல்ட்டும் ஆர்-உம் சேர்த்து அழுத்தினாலும் போதும். இடைவேளை விட்டால் ஆல்ட்டும் பி-யும். மறுபடி அழுத்தினால் தொடரும். டீ குடிக்கப் போன நேரமெல்லாம் பதிவாகாமல் இருக்கும், பிறகு வெட்டும் வேலையும் மிச்சம். ஆனால் திரும்ப வந்ததும் தொடரச் சொல்ல மறந்தால் பாதிக் கூட்டம் போச்சு. மறதி உள்ளவர்கள் பாஸ் பக்கமே போகாமல் ஓடவிடுவது நல்லது.

நீங்கள் திரையில் பார்க்கும் அமைப்புதான் பதிவிலும் வரும். எல்லார் முகமும் கட்டம் கட்டமாகத் தெரியும் காட்சியில் வைத்திருந்தால் அப்படியே பதியும். வகுப்புக்கும் உரைக்கும் பேசுபவர் மட்டும் தெரியும் "ஸ்பீக்கர்" காட்சியே நன்றாக இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் ஜூம் பதிவை எம்பி4-ஆக மாற்றத் தொடங்கும். ஒரு பட்டை நகர்ந்துகொண்டிருக்கும். அப்போது லேப்டாப்பை மூடாதீர்கள். தப்பித்தவறி மூடிவிட்டாலும் பதறாதீர்கள். அந்த ஃபோல்டரில் "டபுள் கிளிக் டு கன்வர்ட்" என்று தொடங்கும் ஃபைல் இருக்கும். அதை இரட்டைக் கிளிக் செய்தால் மாற்றம் தொடரும். அந்த ஃபைலின் பெயரை மாற்றுவது, ஃபோல்டரோடு வேறிடம் நகர்த்துவது போன்ற வேலைகளை மாற்றம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வீடியோ ஒன்று, குரல் மட்டும் உள்ள எம்4ஏ ஒன்று, சாட்டில் எழுதியவை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் என்று கிடைக்கும். வர முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அந்த எம்4ஏ போதும்.

ஓபிஎஸ்ஸில் பதிவது

நிறுவியதும் ஓபிஎஸ் தானாக ஒரு உதவிப் பெட்டியைத் திறக்கும். ஸ்ட்ரீமிங்குக்கா, ரெக்கார்டிங்குக்கா என்று கேட்டால் ரெக்கார்டிங் என்று சொல்லுங்கள். மேக்கில் திரையைப் பதிய அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டு ஓபிஎஸ்ஸை மூடித் திறந்தால்தான் படம் வரும்.

படத்துக்கு: கீழே "சோர்சஸ்" பெட்டியில் கூட்டல் குறியை அழுத்துங்கள். "விண்டோ கேப்சர்" என்றால் மீட்டிங் ஜன்னல் மட்டும் பதியும். "டிஸ்ப்ளே கேப்சர்" என்றால் முழுத் திரையும். முதலாவதில், மீட்டிங் ஜன்னலை மினிமைஸ் செய்தால் படம் உறைந்துவிடும். இரண்டாவதில், ஓரத்தில் எட்டிப்பார்க்கும் ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்தியும் பதிவில் ஏறும். டிஸ்ப்ளே கேப்சர் வைப்பதாக இருந்தால் விண்டோஸில் "டு நாட் டிஸ்டர்ப்" போட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டுக்கணக்கு மெசேஜை மொத்த சங்கமும் பார்க்க வேண்டாம்.

குரலுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஓபிஎஸ்ஸில் குரல் இரண்டு வழியில் வருகிறது. உங்கள் குரல் "மைக்" வழியாக. மற்றவர்கள் குரல் "டெஸ்க்டாப் ஆடியோ" வழியாக. இரண்டில் ஒன்று தவறினாலும் பதிவு பாதிதான். இது கெடும் விதம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. கம்ப்யூட்டரில் ப்ளூடூத் ஹெட்செட்டை இணைத்திருப்பீர்கள். மீட்டிங் செயலி ஹெட்செட்டுக்குக் குரலை அனுப்பும். ஓபிஎஸ்ஸோ லேப்டாப் ஸ்பீக்கரில் ஏதாவது வருகிறதா என்று காதை வைத்துக்கொண்டிருக்கும். முடிந்தபின் போட்டுக் கேட்டால், ஒரு மணி நேரம் முழுக்க உங்கள் குரல் மட்டும்: "ஆமாங்க… சரிங்க சார்… இல்ல, அது போன மாசமே அனுப்பிட்டோம்… ஆமாங்க." எதிர்ப்பக்கம் யார், என்ன கேட்டார் என்று ஒரு சொல்கூட இருக்காது.

தவிர்க்கும் வழி: செட்டிங்ஸில் "ஆடியோ"வுக்குப் போய் "டெஸ்க்டாப் ஆடியோ"வில் "டீஃபால்ட்" என்று விடாமல், எந்தச் சாதனத்தில் கூட்டத்தைக் கேட்கப்போகிறீர்களோ அதன் பெயரையே தேர்ந்தெடுங்கள். மைக்குக்கும் அப்படியே. மீட்டிங் செயலியின் ஆடியோ செட்டிங்ஸிலும் அதே இரண்டு பெயர்கள்தானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒலித்தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், வயர் வைத்த சாதாரண ஹெட்செட்டே என் தேர்வு. ஸ்பீக்கரில் வைத்துக் கேட்காதீர்கள். மற்றவர்கள் குரல் ஒரு தடவை நேரடியாகவும், ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குள் போய் இன்னொரு தடவையும் பதிந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதாகக் கேட்கும்.

அளவு பார்க்க "ஆடியோ மிக்ஸர்" பெட்டி. பேசும்போது பட்டை மஞ்சள் பகுதியில் ஏறி இறங்க வேண்டும். பச்சையிலேயே கிடந்தால் குரல் சன்னம். சிவப்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கரகரக்கும்.

எடிட்டிங் கைக்குப் பிடித்த ஒரு வசதி: செட்டிங்ஸில் "அவுட்புட்"டை "அட்வான்ஸ்ட்"டுக்கு மாற்றினால் ஆறு ஆடியோ டிராக் வரை பதியலாம். முதல் டிராக்கில் எல்லாம் சேர்ந்து, இரண்டாவதில் மைக் மட்டும், மூன்றாவதில் மற்றவர்கள் மட்டும் என்று வையுங்கள். மிக்ஸரிலிருந்து "அட்வான்ஸ்ட் ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்" திறந்து எது எந்த டிராக்கில் என்று டிக் செய்தால் போதும். ரெக்கார்டிங் பகுதியிலும் அந்த மூன்று டிராக்குகளுக்கு டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைல் வடிவம் எம்கேவி. எம்பி4 என்று வைக்கத்தான் கை போகும். பழைய வழக்கமான எம்பி4-இல் பதியும்போது நடுவில் கரன்ட் போனாலோ கம்ப்யூட்டர் உறைந்தாலோ மொத்த ஃபைலும் திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிந்தது பிழைத்துக்கொள்ளும். கூட்டம் முடிந்ததும் ஃபைல் மெனுவில் "ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்" கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும். எக்ஸ்போர்ட் மாதிரி காத்திருக்க வேண்டியதில்லை.

டுடோரியல் எடுத்த பழக்கத்தில் 1080பி, 60 ஃபிரேம் என்று வைத்துவிடாதீர்கள். பேசும் முகங்களுக்கும் ஸ்லைடுகளுக்கும் 720பி, 30 ஃபிரேம் தாராளம். எக்செல் ஷீட்டைப் பகிர்ந்து பேசும் கூட்டமாக இருந்தால் மட்டும் 1080பி. இல்லையேல் எண்கள் கலங்கும். ஃபைல் அளவை எளிதில் கணக்கிடலாம். பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு பதிகிறது என்ற அளவு) 2500 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1.1 ஜிபி. 1000 என்றால் 450 எம்பி. பென்டிரைவில் நேரடியாகப் பதிய நினைத்தால், அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டதா என்று பாருங்கள். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது; பதிவு அங்கேயே அறுந்துவிடும்.

ஒத்திகை

நிஜக் கூட்டத்துக்கு முந்தைய நாள், உங்களுக்கு நீங்களே ஒரு மீட்டிங் போடுங்கள். கம்ப்யூட்டரில் ஹோஸ்ட்டாகச் சேருங்கள். மொபைலில் அதே லிங்க்கைத் திறந்து வீட்டில் யாரிடமாவது கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்புங்கள். ஒரே அறையில் இருந்தால் வீச்சென்று இரையும். அவர் அங்கிருந்து "சாம்பார்ல உப்பு சரியா இருக்கா"ன்னு கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். ஒரு நிமிடம் பதிந்துவிட்டு நிறுத்தி, ஃபைலைத் தேடித் திறந்து, கேள்வியும் பதிலும் இரண்டும் கேட்கிறதா என்று பாருங்கள். மிக்ஸரில் பட்டை ஆடியதை நம்ப வேண்டாம். ஃபைலைத் திறந்து கேட்பதுதான் சோதனை. கூட்டத்தன்று எந்த ஹெட்செட்டோ அதே ஹெட்செட்டில் செய்யுங்கள்.

கூட்டத்தன்று சார்ஜரைச் செருகுங்கள், ஸ்லீப் நேரத்தை "நெவர்" ஆக்குங்கள், காத்திருக்கும் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிவையுங்கள்.

சொல்லிவிட்டுப் பதியுங்கள்

ஜூமிலும் மீட்டிலும் டீம்ஸிலும் பதிவு தொடங்கினால் எல்லாருக்கும் அறிவிப்பு போகும். ஓபிஎஸ் வெளியிலிருந்து திரையைப் படம்பிடிப்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. அதனாலேயே ஓபிஎஸ் வைத்திருப்பவருக்குப் பொறுப்பு கூடுதல். அழைப்பிலேயே ஒரு வரி எழுதுங்கள்: "கூட்டம் பதிவு செய்யப்படும். பதிவு உறுப்பினர்களுக்கு மட்டும் பகிரப்படும்." தொடக்கத்தில் வாயாலும் ஒரு தடவை சொல்லி, "சரி" என்று அவர்கள் சொல்வதும் பதிவிலேயே இருக்கட்டும். இது வெறும் மரியாதை மட்டுமில்லை. ஜெர்மனியில் தனிப்பட்ட பேச்சை அனுமதியின்றிப் பதிவது குற்றம். கலிஃபோர்னியாவில் அந்தரங்க உரையாடலைப் பதிய பேசும் அனைவரின் சம்மதமும் வேண்டும். இந்தியாவில் 2023-இல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டதுதான். நம் குடும்பச் சங்கக் கூட்டத்திலேயே மூன்று நாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் காலம் இது.

முடிந்த பிறகு

பெயர் வைப்பது முதல் வேலை. தேதியை வருடத்திலிருந்து தொடங்கி எழுதுங்கள்: 2025-06-14 நிர்வாகக்குழு. இப்படி எழுதினால் ஃபோல்டரில் தானாகவே வரிசையாக நிற்கும்.

அடுத்தது முன்னும் பின்னும் வெட்டுவது. இதற்காக எடிட்டிங் மென்பொருளைத் திறந்து எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டாம். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து வெட்டினால், மறுபடி என்கோட் செய்யாமல் சில நொடிகளில் முடித்துவிடும். வெட்டு சில நொடி முன்னே பின்னே விழலாம். கீஃபிரேம், அதாவது முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட ஃபிரேம், உள்ள இடத்தில்தான் அந்த மென்பொருளால் வெட்ட முடியும். கூட்டப் பதிவுக்கு அது ஒரு பொருட்டில்லை.

நீளமான பதிவை யாரும் முழுதாகப் பார்க்கப் போவதில்லை. எந்த நிமிடத்தில் எந்த விஷயம் என்று ஐந்தாறு வரி எழுதி லிங்க்கோடு அனுப்புங்கள்: "12:40 ஆண்டுக் கணக்கு. 31:05 கட்டட நிதி. 58:20 அடுத்த கூட்டத் தேதி." கூட்டம் நடக்கும்போதே ஒரு தாளில் குறித்துக்கொண்டால் திரும்பக் கேட்கும் வேலையும் இல்லை.

குரலை எழுத்தாக்க வேண்டுமானால், 2022-இல் ஓப்பன்ஏஐ திறமூலமாக வெளியிட்ட விஸ்பர் தமிழையும் புரிந்துகொள்ளும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம், குரல் வெளியே போகாது. ஆனால் "அந்த பட்ஜெட்டை அப்ரூவ் பண்ணிட்டு சொல்றேன்" என்று நாம் பேசும் தமிழில் அது தடுமாறும். ஆட்கள் பெயர், ஊர்ப் பெயர், தொகைகளைத் தப்பாக எழுதும். வரைவாக எடுத்துக்கொள்ளலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும் முன் பதிவைக் கேட்டு ஒப்பிட வேண்டும். கூட்டத்துக்குள் தானே ஒரு ஆளாக வந்து சேர்ந்து குறிப்பெடுக்கும் ஏஐ சேவைகளும் இருக்கின்றன. பேச்சு அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் என்பதைக் கூட்டத்தாரிடம் சொல்லாமல் அதை உள்ளே விடாதீர்கள்.

எடிட்டிங் மென்பொருளை அழித்துவிட வேண்டாம். கூட்டத்தில் ஒருவர் பேசியதில் மூன்று நிமிடம் எடுத்து வெளியிட வேண்டும், வகுப்புப் பதிவில் தலைப்பு போட வேண்டும், குரல் டிராக்கைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

இடப் பிரச்சினை மெல்ல வரும். கூகுளின் இலவச 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் போட்டோக்களுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். வாரம் ஒரு ஜிபி பதிவு ஏற்றினால் சில மாதத்தில் மெயில் வருவதே நின்றுவிடும். எதை எவ்வளவு காலம் வைப்பது என்று குழுவில் பேசி முடிவெடுங்கள். சாதாரண வாராந்திரக் கூட்டம் என்றால் குறிப்பு எழுதி எல்லாரும் ஒப்புக்கொண்டதும் வீடியோவை அழித்துவிட்டு, எம்4ஏவை மட்டும் வைத்துக்கொள்வது என் வழக்கம். பொதுக்குழுக் கூட்டமாக இருந்தால் வீடியோவையே வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, செயலாளர் கையில் கொடுத்துவிடலாம்.